காலத்தின் ஒகாரினா: புகழும் தகுதியும்

நெடுங்காலமாகப் போற்றப்பட்டுவரும் ஒரு படைப்பினை மதிப்பிடப் புகுவோர், அதன் புகழினை முதற்கண் ஒருபால் ஒதுக்கி வைத்தல் வேண்டும் என்பர். சொல்லுதற்கு எளிதாயினும் செய்தற்கு அரிய செயல் அது. பல்லாண்டுகளாகப் பலர் ஒரு படைப்பினைத் துய்த்துப் பெற்ற பயனின் எச்சமும் புகழினுள் அடங்கிக் கிடக்கும். ஆகவே, புகழை ஒதுக்கிவிட்டு ஆராய்வதினும், அப்புகழ் எவ்வெக் காரணங்களால் எழுந்தது, அவற்றுள் எவை இன்றும் நிற்கின்றன, எவை வீழ்ந்துவிட்டன என வினவுதலே தக்க நெறி எனக் கருதுகின்றோம். அந்நெறி பற்றி ஒரு வீடியோ விளையாட்டினை ஈண்டு ஆராய விழைகின்றோம்.

தமிழாராய்ச்சி இதழில் விளையாட்டிற்கு இடம் ஏது எனச் சிலர் வினவக்கூடும். கதை, மாந்தர், இசை, நிலம், பொழுது ஆகியவற்றை ஓர் ஒழுங்குற அமைத்து, துய்ப்போர் உள்ளத்தில் உணர்ச்சியை எழுப்புவது எதுவாயினும் அது திறனாய்வின் எல்லைக்குள் வருவதே. திரைப்படத்தின் பொருட்டு முன்னரே நடந்து முடிந்த அவ்வழக்கினை மீண்டும் தொடங்கி நடத்த நாம் விரும்பவில்லை.

‘தி லெஜண்ட் ஆஃப் செல்டா: ஒகாரினா ஆஃப் டைம்’ என்பது ஜப்பானிய நிறுவனமாகிய நின்டென்டோ, தன் நின்டென்டோ 64 என்னும் பொறிக்கென ஆக்கி, 1998 நவம்பர் 21-ஆம் நாள் ஜப்பானிலும், இரு நாள் கழித்து வட அமெரிக்காவிலும் வெளியிட்ட ஆட்டமாகும். ஷிகெரு மியமோட்டோ அதன் தயாரிப்பாளர். டோரு ஓசாவா, யோஷியாகி கோய்சுமி, எய்ஜி அயோனுமா முதலியோர் இயக்குநர். இசையமைத்தவர் கோஜி கொண்டோ. 1986-இல் தோன்றிய செல்டா வரிசையில் முப்பரிமாணத்தில் அமைந்த முதல் ஆட்டம் இதுவே. ஃபாமிட்சு என்னும் ஜப்பானிய இதழின் மதிப்பீட்டாளர் நால்வரும் ஆளுக்குப் பத்தாக, நாற்பதுக்கு நாற்பது என்னும் முழு மதிப்பெண்ணை முதன்முதலாக வழங்கியது இதற்கே. விமரிசனங்களைத் திரட்டிச் சராசரி காணும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் இது பெற்ற எண் நூற்றுக்கு 99. அத்தளத்தின் வரிசையில், கால் நூற்றாண்டு கழிந்த பின்னும், அது முதலிடத்தினின்றும் இறங்கவில்லை. நின்டென்டோ 64 வடிவில் மட்டும் எழுபது இலட்சத்திற்கு மேற்பட்ட படிகள் விற்றன. ‘எக்காலத்தும் தலைசிறந்த ஆட்டம்’ என்னும் தொடர் இதற்கு ஓர் அடைமொழி போலவே ஆகிவிட்டது.

அண்மையில் நம்மிடம் பயிலும் மாணவர் ஒருவர் இதனை முதன்முறையாக முற்ற ஆடி முடித்துவிட்டு, “நன்றாகத்தான் இருக்கிறது ஐயா; ஆனால் இத்தனை புகழுக்கு இதில் என்னதான் இருக்கிறது?” என வினவினார். அவர் பொழுதுபோக்காக வினவினார் அல்லர்; நாற்பது மணி நேரம் செலவிட்டுத் தேடியும் கிடைக்காத ஒன்றைப் பற்றி வினவினார். அவர்க்கு உடனே விடையிறுக்க நம்மால் இயலவில்லை. நாம் கூறிய காரணங்கள் எல்லாம் 1998-ஆம் ஆண்டில் வாழ்ந்தார்க்கே பொருந்துவன என்பது கூறி முடித்த பின்னரே நமக்குப் புலனாயிற்று. அதன்பின் இவ்வாட்டத்தினை அதன் முதல் வடிவிலும், 2011-இல் நின்டென்டோ 3டிஎஸ் என்னும் கைப்பொறிக்கெனத் திருத்தி வெளியிட்ட வடிவிலும் மீண்டும் ஆடிப் பார்த்தோம்.

இதன் சிறப்பிற்கு முதற்கண் கூறப்படும் காரணம் இதன் புதுமையாகும். முப்பரிமாண வெளியில் ஒருவன் வாளேந்திப் போரிடுதல் என்பது அக்காலத்தே தீராத ஒரு சிக்கலாக இருந்தது. தட்டைத் திரையில் வலம், இடம், மேல், கீழ் என்னும் நான்கு திசையே உண்டு. ஆடுநர் பகைவனை நோக்கி நிற்பது எளிது. வெளி விரிந்தவுடன் பகைவன் பின்புறம் நழுவுகின்றான். கேமரா சுவரினுள் முட்டிக்கொள்கின்றது. வீசிய வாள் வெறுங்காற்றை வெட்டுகின்றது. இதற்குத் தீர்வு தேடிய நாளில், ஆக்கக் குழுவினருட் சிலர் கியோட்டோ நகரிலுள்ள தோயெய் படப்பிடிப்புப் பூங்காவிற்குச் சென்று, அங்கே நடிக்கப்பட்ட நிஞ்சா சண்டைக் காட்சியினைக் கண்டனர். ஒருவனைப் பலர் சூழ்ந்து நின்றும் அவன் எவ்வாறு வெல்கின்றான்? சூழ்ந்தோர் அனைவரும் ஒருங்கே பாய்வதில்லை. ஒருவன் பாயும்போது ஏனையோர் காத்து நிற்கின்றனர். கயிறோ சங்கிலியோ கொண்டு பிணைத்தாற் போல இருவரும் ஒருவரையொருவர் நோக்கியவாறே சுழல்கின்றனர். இக்காட்சியினின்றும் எழுந்ததே, கைப்பிடிக் கருவியின் அடிப்பக்கத்துள்ள இசட் பொத்தானை அழுத்தியவுடன் பகைவன்மேல் பார்வை பிணைந்து நிற்கும் உத்தி. பின்வந்த முப்பரிமாண வாட்போர் ஆட்டங்கள் எண்ணற்றவை இதனை எடுத்தாண்டுள்ளன.

இவ்வுத்தியின் அருமை மறுக்கவொண்ணாதது. எனினும் புதுமை என்பது வரலாற்றுச் சிறப்பேயன்றிக் கலைச்சிறப்பு ஆகாது. முதலில் செய்தவன் பெயர் வரலாற்றில் நிற்கும். ஆனால் அவன் செய்தது எல்லார்க்கும் பொதுவானவுடன், அதனைத் துய்ப்போர்க்கு அது புதுமையாகத் தோன்றுமாறு இல்லை. நம் மாணவர் பத்து வயதிலிருந்தே பார்வை பிணைக்கும் ஆட்டங்களை ஆடி வளர்ந்தவர். இதன் வெற்றியே இதனை அவர் கண்ணுக்கு எளிய பொருளாக்கிவிட்டது. மேலும், புதுமை என்பதனையும் அளந்தே கூறல் வேண்டும். 1996-இல் வெளிவந்த டூம் ரெய்டர் ஆட்டத்தில் ஏந்திய துப்பாக்கி தானே பகைவனைக் குறிவைத்தது. அதே ஆண்டில் வெளிவந்த சூப்பர் மாரியோ 64 முப்பரிமாண வெளியில் ஓடவும் தாவவும் கற்றுக்கொடுத்தது. வெட்டவெளியில் திடீரென முளைத்த மரமன்று இது.

ஆயினும் இவ்வுத்தியின் மற்றொரு பக்கத்தை நோக்குதல் வேண்டும். புகழ்வோர் பெரும்பாலும் இதனைக் கருதுவதில்லை. பார்வை யார்மேல் பிணைந்துள்ளது என்பதைக் காட்ட ஒரு குறி தேவைப்பட்டது. முதலில் அது வெறும் முக்கோணக் குறியாகவே இருந்தது. அதன் வறட்சியைப் பொறாத கோய்சுமி, அதனை ஒளிவீசும் சிறு தேவதையாக மாற்றினார். தேவதைக்கு நாவி என்னும் பெயர் வந்தது. பெயர் வந்தவுடன் அதற்கு ஒரு வரலாறும் வேண்டியதாயிற்று. கோகிரி என்னும் காட்டுச் சிறார் ஒவ்வொருவர்க்கும் ஒரு தேவதை துணை. தலைவனாகிய லிங்க்குக்கு மட்டும் அது இல்லை. அதன்பொருட்டு அவன் எள்ளப்படுகின்றான். ஆட்டம் தொடங்குவதே நாவி அவனைத் தேடி வரும் காட்சியோடுதான். கருவியின் குறையைத் தீர்க்க வந்த ஒரு முக்கோணம், ஒரு சிறுவனின் தனிமையைத் தீர்க்க வந்த துணையாக மாறிவிடுகின்றது. உத்தியைப் பின்வந்தோர் எடுத்துக்கொண்டனர். இம்மாற்றத்தினை எடுத்துக்கொண்டோர் மிகச் சிலரே.

இது நிற்க. இரண்டாவதாகக் கூறப்படும் காரணம், இவ்வாட்டம் குறையற்றது என்பது. நாற்பதுக்கு நாற்பது என்னும் எண் அக்கருத்தினை வலியுறுத்துவது போலத் தோன்றும். இக்கூற்று சிறிதும் பொருந்துமாறு இல்லை என்பதே நம் கருத்து.

ஹைரூல் நாட்டின் நடுவிலுள்ள பெருவெளியை எடுத்துக்கொள்வோம். காட்டினின்றும் வெளிப்போந்து அவ்வெளியில் முதன்முறை அடியெடுத்து வைக்கும்போது தோன்றும் வியப்பு உண்மையே. மூன்றாம் முறை கடக்கும்போது அஃது ஒரு வெற்றிடம் என்பது விளங்கிவிடுகின்றது. இளம்பருவத்தே இரவில் எலும்புச் சிறார் நிலத்தினின்றும் எழுவர், ஆங்காங்குச் சில குழிகள் மறைந்திருக்கும், அவ்வளவே. குதிரை கிடைக்கும் வரை அவ்வெளியைக் காலால் கடத்தல் ஒரு தண்டனை. வெளியில் கதிரவன் எழுந்து மறைகின்றான். ஊர்களுள் புகுந்தவுடன் பொழுது நின்றுவிடுகின்றது. காலத்தைப் பெயரிலே கொண்ட ஆட்டத்தில் இஃது ஒரு விந்தையான குறை. கெபோரா கெபோரா என்னும் ஆந்தையைப் பற்றிச் சொல்லாதிருப்பதே நன்று. அது வழிமறித்து நீளப் பேசி, இறுதியில் மீண்டும் கூறட்டுமா என வினவும். சலிப்பால் விரைந்து பொத்தானை அழுத்துவோர் அவ்வுரை முழுவதையும் மீண்டும் கேட்க நேர்வதுண்டு. நாம் இருமுறை கேட்டோம்.

நீர்க்கோயிலின் குறை இதனினும் பெரிது. அக்கோயிலின் கட்டமைப்பு உண்மையில் மதிநுட்பம் வாய்ந்தது: நடுவில் ஒரு கோபுரம், மூன்று இடங்களில் இசையினால் நீர்மட்டத்தை உயர்த்தவும் தாழ்த்தவும் செய்யலாம், ஒவ்வொரு மட்டத்திலும் வெவ்வேறு வாயில்கள் திறக்கும். கட்டடம் முழுவதையும் ஒரே பொருளாக உள்ளத்தில் தாங்கிக்கொண்டாலன்றி வழி புலப்படாது. ஆயின் நீரில் மூழ்குதற்கு இரும்புக் காலணி அணிதல் வேண்டும். மிதத்தற்கு அதனைக் கழற்றுதல் வேண்டும். ஒவ்வொரு முறையும் ஆட்டத்தை நிறுத்தி, பட்டியலைத் திறந்து, பக்கம் புரட்டி, காலணியைத் தேர்ந்து, பட்டியலை மூடி மீள வேண்டும். ஒரு கோயிலுக்குள் இதனைப் பன்முறை செய்தபின், சிந்தனை அறுந்து சினமே எஞ்சுகின்றது. கோயில்களை அமைத்த அயோனுமாவே பிற்காலத்தில் இக்குறையை ஒப்புக்கொண்டார். 2011-ஆம் ஆண்டுத் திருத்த வடிவில் காலணியைத் தொடுதிரையில் ஒரு தொடுதலால் மாற்றுமாறும், நீர்மட்டம் மாறும் இடங்களுக்கு வண்ணக்கோடுகள் வழிகாட்டுமாறும் செய்தனர். தம் படைப்பின் குறையைத் திருத்திக்கொண்ட ஆக்கியோர் குறையற்றது என்று கூறாதபோது, நாம் அவர்பொருட்டு அவ்வாறு கூறுவானேன்?

வேறொன்றும் உண்டு. நீர்க்கோயிலின் கொடிய உயிரினை வென்றவுடன் வறண்ட ஏரி நிரம்புகின்றது. ஆனால் பனியில் உறைந்த சோரா மக்களின் ஊர் இறுதிவரை உறைந்தே கிடக்கின்றது. காலப்போக்கில் அது தன் நிலைக்கு மீளும் என்று சொல்லப்படுகின்றதேயொழிய, மீள்வதை நாம் காண்பதில்லை. இதனை ஆழ்ந்த துயரக் குறிப்பு என்று பொருள் கொள்வாரும் உளர். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. நேரமோ இடமோ போதாமையால் விடுபட்ட பகுதி என்றே தோன்றுகின்றது. புகழ் வாய்ந்த படைப்பின் ஒவ்வொரு விடுபாட்டிற்கும் உட்பொருள் காண முயலும் உரை மரபு நமக்குப் புதியதன்று. அதன் இடையூறும் நாம் அறிந்ததே.

மாந்தர் படைப்பிலும் நெருடல்கள் உள. கெருடோ என்பார் பாலைநிலத்துப் பெண்டிர் குலத்தார். நூறாண்டிற்கு ஒருமுறை பிறக்கும் ஆண்மகனே அவர்க்கு அரசன். அவனே கொடியோனாகிய கேனன்டார்ஃப். ஒரு குலம் முழுவதையும் கள்வர் என அறிமுகம் செய்து, தீமையின் பிறப்பிடத்தையும் அங்கேயே வைத்தது எளிய வழி; சிறந்த வழியன்று. நபூரு என்னும் ஒருத்தி அவ்வரசனை எதிர்ப்பதாக அமைத்தது ஓரளவு ஈடு செய்கின்றது. இளவரசி செல்டாவின் நிலையும் ஏறத்தாழ அத்தகையதே. ஏழாண்டுகள் ஷீக் என்னும் மாற்றுருவில் பகைவன் கண்ணில் படாது உலவி, தலைவனுக்குத் தக்க நேரத்தில் வழிகாட்டிய அவள், தன் உருவை வெளிப்படுத்திய அக்கணமே சிறைப்படுகின்றாள். மாற்றுருவில் இருந்த ஆற்றல் பெண்ணுருவில் எங்குப் போயிற்று என்னும் வினாவிற்கு ஆட்டம் விடை தரவில்லை.

சுவடி ஒப்புநோக்கிப் பழகியோர்க்குச் சுவையான செய்தி ஒன்றினையும் ஈண்டுக் குறித்தல் தகும். இவ்வாட்டத்திற்கும் பாட வேறுபாடுகள் உண்டு. முதலில் வெளிவந்த பேழைகளில் நெருப்புக்கோயிலின் இசையினூடே இசுலாமிய ஓதலொலி கேட்கும். பின்னர் வந்த பதிப்பில் அது நீக்கப்பட்டு வேறொலி சேர்க்கப்பட்டது. இறுதிப் போரில் சிந்தும் குருதியும் முதற்பதிப்பில் சிவப்பு, பின்னதில் பச்சை. 2011-ஆம் ஆண்டு வடிவு ஆடுதற்கு எளியது. முதல் வடிவு நொடிக்கு இருபது படங்களே காட்ட, திருந்திய வடிவு முப்பது காட்டுகின்றது. எனினும் எந்த வடிவினை வைத்து ஒருவர் மதிப்பிடுகின்றார் என்பதனைச் சொல்லாமல் இவ்வாட்டத்தின் நிறை குறை பேசுதல், மூலபாடம் எதுவெனக் கூறாது செய்யுளுக்கு உரை கூறுவதை ஒக்கும்.

இதுகாறும் கூறியவற்றால், புதுமை பற்றி எழுந்த புகழ் காலத்தால் தேய்ந்தது என்பதும், குறையின்மை பற்றி எழுந்த புகழ் தொடக்கத்திலேயே மிகையானது என்பதும் பெறப்படும். அவ்வாறாயின் எஞ்சுவது யாது? இளமைக்கால நினைவு மட்டுமே எஞ்சும் என்பர் சிலர். 1998-இல் சிறுவராயிருந்தோர் தம் சிறுபருவத்தையே புகழ்கின்றனர் என்பது அவர் வாதம். முழு மதிப்பெண் இட்ட இதழாளர் சிறுவர் அல்லர் என்பதொன்றே இவ்வாதத்தைப் பாதி வீழ்த்தும். மறுபாதியை வீழ்த்த, ஆட்டத்தின் அமைப்பினுள்ளே நுழைதல் வேண்டும்.

நிலமும் பொழுதும் முதற்பொருள் எனத் தொல்காப்பியர் கொண்டார். அப்பாகுபாட்டினை வேற்று நாட்டுப் படைப்பின்மேல் வலிந்து ஏற்றுதல் நம் நோக்கமன்று. ஆயின் இவ்வாட்டத்தின் உட்கூற்றைக் காண்பதற்கு அதனினும் தெளிவான விளக்கு நமக்குக் கிட்டவில்லை. 1991-இல் வெளிவந்த ‘எ லிங்க் டு த பாஸ்ட்’ என்னும் முந்தைய செல்டா ஆட்டத்தில் ஒளியுலகு, இருளுலகு என நிலம் இரண்டாக, பொழுது ஒன்றாகவே இருந்தது. இதன்கண் நிலம் ஒன்று, பொழுது இரண்டு. சிறுவன் லிங்க் மூன்று மணிகளைத் தேடிச் சேர்த்து, காலக்கோயிலின் கதவைத் திறந்து, கல்லில் செருகியிருந்த வாளை உருவுகின்றான். வாளேந்தும் பருவம் அவனுக்கு வாய்க்காமையால் ஏழாண்டுகள் உறங்க வைக்கப்படுகின்றான். விழித்தெழுந்து வெளியே வந்தால், சற்றுமுன் ஆடல்பாடலோடு திகழ்ந்த கடைத்தெரு இடிந்து கிடக்கின்றது. மக்கள் நின்ற இடத்தில் நடைப்பிணங்கள் நிற்கின்றன. தெரு அதே தெரு; திருப்பங்களை நம் கால் அறியும். வேறொரு பேய்நகரைக் காட்டியிருந்தால் அச்சம் மட்டுமே தோன்றியிருக்கும். அறிந்த நகரே பேய்நகரானமையால் அச்சத்தோடு அவலமும் தோன்றுகின்றது.

இவ்வமைப்புத் தோன்றிய வரலாறும் அறியத்தக்கது. முதலில் வளர்ந்த லிங்க் மட்டுமே திட்டமிடப்பட்டான். சிறுவன் வடிவும் வேண்டும் என்னும் விருப்பம் பின்னரே எழுந்தது. இரண்டையும் ஓராட்டத்துள் அடக்குவது எங்ஙனம் என்று எண்ணியபோதே வாளும் ஏழாண்டும் பிறந்தன. உயர்ந்த கருத்தொன்று முதலில் தோன்ற, அதற்கேற்ப ஆட்டம் வகுக்கப்பட்டதன்று. ஆயின் படைப்பின் தோற்றுவாய் எதுவாயினும் படைப்பின் மதிப்பு அதனால் குறைவதில்லை. நாவியின்கண் கண்டதே ஈண்டும் காண்கின்றோம்: தேவை முதலில் வந்தது, பொருள் பின்னர் வந்து அதனைத் தன்னதாக்கிக்கொண்டது.

இனி, இவ்விரு பொழுதையும் ஆட்டம் கையாளும் திறம். வாளை மீண்டும் கல்லில் செருகினால் இளம்பருவத்திற்குத் திரும்பலாம். சிறுவனாக ஓரிடத்து விதை ஊன்றினால், வளர்ந்தபின் அங்கே கொடியின் இலை அவனைச் சுமந்து பறக்கின்றது. ஆவிக்கோயிலின் ஒரு பகுதி சிறுவனாலும் மறுபகுதி இளைஞனாலும் மட்டுமே கடக்கப்படும். இவை அறிவுக்கு விருந்து. உள்ளத்தைத் தொடுவது மிடோவின் பகுதி. லிங்க்கைச் சிறுவயதில் ஓயாது எள்ளிய கோகிரித் தலைவன் மிடோ. கோகிரியர் வளர்வதில்லை, ஏழாண்டு கழித்தும் அவன் சிறுவனே. வளர்ந்து நிற்பவன் லிங்க் என்பதனை அறியாமலே அவனிடம் பேசுகின்றான்: லிங்க்கை எங்கேனும் காண நேர்ந்தால், அவனைச் சாரியா நெடுநாள் எதிர்நோக்கியிருந்தாள் என்றும், அவனுக்குத் தான் இழைத்த கொடுமைக்கு வருந்துவதாகவும் சொல்லுமாறு வேண்டுகின்றான். லிங்க் ஆட்டம் முழுவதும் வாய்திறவாதவன். ஆதலின் விடை கூறவும் இயலாது. பொத்தானை அழுத்தி அவ்வுரையை முடித்துவிட்டு நாம் நகர்ந்து போகின்றோம். இதற்கு ஆக்கியோர் செலவிட்டது சில வரிச் சொற்களே. இசைப் பெருக்கமோ தனிக் காட்சியோ இல்லை. நம் மாணவர் இப்பகுதியைக் காணவே இல்லை என்பது பின்னர்த் தெரிந்தது. அக்கோயிலை வென்றபின் அவ்வூருக்கு மீண்டும் போய் மிடோவிடம் பேச வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. சிறந்த பகுதியைத் தேடுவார்க்கு மட்டுமே கிடைக்குமாறு வைத்தது சிறப்போ குறையோ என்பதில் நமக்கு இன்னும் துணிவு பிறக்கவில்லை.

ஒகாரினா பற்றிக் கூறாமல் இவ்வாராய்ச்சி நிரம்பாது. அஃது ஊதுதுளையும் விரல்துளைகளும் உடைய சிறு ஊதுகருவி. ஐந்து பொத்தான்களுக்கு ஐந்து சுரங்கள். அவ்வளவே கொண்டோவுக்குக் கிடைத்த முதல். அவ்வைந்தினுள் பன்னிரண்டு பாட்டுகளை அவர் அமைத்தார். இளம்பருவத்தில் கற்கும் ஐந்தும், மூன்று சுரங்களை இருமுறை மடக்கிக் கூறுவன. சிறுவர் நாவிலும் கையிலும் எளிதில் நிற்கும் தாலாட்டின் அமைப்பு. வளர்ந்தபின் கற்பவை ஐந்து சுரத்தினின்றும் எட்டுச் சுரம் வரை பலவகை நீளமுடையன, அவற்றுட் பெரும்பாலானவற்றில் மடக்கு குலைந்துவிடுகின்றது. பருவ வேறுபாட்டினைப் பாட்டின் யாப்பிலேயே வைத்த இந்நுட்பத்தினைக் கருதி அமைத்தாரோ, தற்செயலாக அமைந்ததோ, அறியோம். அமைந்து கிடக்கின்றது என்பதே நமக்குப் போதும். மேலும், பிற ஆட்டங்களில் இசை கேட்கப்படுவது, இதில் இசைக்கப்படுவது. நினைவில் வைத்துக் கையால் வாசித்தாலன்றிக் கதவு திறவாது, மழை பெய்யாது, பொழுது மாறாது. தொலைந்தோர் காட்டில் வழி கண்டுபிடிப்பதும் செவியாலேயே: இசை தேயும் பக்கம் தவறு, வளரும் பக்கம் வழி. இவ்வாட்டத்தினைக் கால் நூற்றாண்டிற்கு முன் ஆடியோர் அப்பாட்டுகளை இன்றும் பிழையின்றி முணுமுணுப்பதற்கு, அவர்தம் விரல்களும் அவற்றைக் கற்றன என்பதே காரணம் எனலாம்.

புயற்பாட்டு இவற்றுள் தனித்து நிற்பது. வளர்ந்த லிங்க்குக்கு அதனைக் கற்பிப்பவன் காற்றாலைக்காரன் ஒருவன். ஏழாண்டுக்கு முன் ஒகாரினாவோடு வந்த சிறுவன் ஒருவன் அதனை வாசித்துத் தன் ஆலையைக் குலைத்துவிட்டான் என்று சினந்து கூறியே கற்பிக்கின்றான். லிங்க் இளம்பருவத்திற்குத் திரும்பி, கற்ற பாட்டினை ஆலையில் வாசிக்கின்றான், ஆலை வெறிகொண்டு சுழல்கின்றது, கிணறு வற்றுகின்றது. அச்சிறுவன் தானே என்பது அப்போது விளங்கும். அவ்வாறாயின் பாட்டினை இயற்றியவர் யார்? ஒருவரும் இலர். தொடக்கமில்லாத வளையமாக அது சுழல்கின்றது. நகைச்சுவை போலத் தோன்றும் இப்பகுதியினுள் ஆட்டத்தின் பெருந்துயரம் சிறுவடிவில் அடங்கியுள்ளது.

அப்பெருந்துயரம் யாது? கேனன்டார்ஃப் கைப்படுமுன் தெய்வ ஆற்றலைக் காக்கும் நோக்கத்தோடுதான் செல்டாவும் லிங்க்கும் கதவைத் திறக்க முற்பட்டனர். அக்கதவு திறவாதிருந்தால் அவன் உள்ளே புகுந்திருக்க இயலாது. காக்க முயன்ற செயலே கேட்டிற்கு வாயிலாயிற்று. ஊழ் பற்றிய கதைகளில் இத்தகைய அமைப்புப் பெருவழக்கு. ஆயின் கதையில் தலைவன் தவறுவதை நாம் பார்த்திருக்கின்றோம். ஈண்டு வாளை உருவும் பொத்தானை அழுத்தியது நம் கை. ‘வேறு வழி தரப்படவில்லையே, தெரிவில்லாத இடத்தில் பொறுப்பு ஏது?’ என ஒருவர் மறுக்கலாம். மறுப்பு வலிமையுடையதே. அழுத்தும்போது நமக்கிருந்தது கடமையுணர்ச்சி அன்று, மகிழ்ச்சி என்பதே நம் விடை. மூன்று மணிகளையும் தேடிக் களைத்து, அதோ வாள் என்று ஓடிச் சென்று அழுத்தினோம். கட்டாயத்தால் செய்ததாயின் குற்றவுணர்வு எழாது. விரும்பிச் செய்தமையாலேயே இடிந்த கடைத்தெருவில் நிற்கும்போது நமக்கு ஏதோ ஒன்று உறுத்துகின்றது.

2000-இல் வெளிவந்த ‘மஜோராஸ் மாஸ்க்’ காலத்தை இதனினும் ஆழமாகக் கையாண்டது என்போர் உளர். மூன்று நாள் மீளமீளச் சுழலும் அவ்வமைப்பில் ஒவ்வோர் ஊர்மகனுக்கும் ஒரு நாழிகைக் கணக்கு உண்டு. ஊரினுள் பொழுது நிற்பதில்லை. அவ்வகையில் அவர் கூற்று உண்மை. ஆனால் அதில் மீட்கவியலாதது எதுவும் இல்லை; பாட்டொன்றால் மூன்று நாளும் முதலிலிருந்து தொடங்கும். ஒகாரினாவில் வாளைச் செருகிச் சிறுவனாகலாமேயன்றி, ஏழாண்டை வாழ்ந்து பார்த்தல் இயலாது. அவை உறக்கத்தில் கழிந்தவை. ஆடுநர்க்கும் அவை ஒரு நொடி இருளாகவே காட்டப்படுகின்றன.

முடிவுக் காட்சியில் ஆக்கியோர் இதனை மறக்கவில்லை. கொடியோன் அடைபட்டபின், இழந்த ஆண்டுகளை ஈடு செய்ய வேண்டி, செல்டா லிங்க்கை இளம்பருவத்திற்கே அனுப்பிவிடுகின்றாள். பின்தங்கிய உலகில் மாட்டுப் பண்ணையிலே விழா நடக்கின்றது. எல்லாக் குலத்தாரும் ஆடிப்பாட, மிடோவும் சோரா அரசனும் மட்டும் தலைகவிழ்ந்து அமர்ந்துள்ளனர். விழாவிற்குக் காரணமானவன் அங்கு இல்லை. காலக்கோயிலில் வாள் கல்லில் செருகிக் கிடக்க, சிறுவன் அதன்முன் நிற்கின்றான். தொடக்கத்தில் அவனைத் தேடி வந்த நாவி, ஒரு சொல்லும் இன்றி, மேலேயுள்ள சாளரத்தின் ஒளியை நோக்கிப் பறந்து போகின்றது. நம் மாணவரிடம் இக்காட்சியினை மீண்டும் பார்க்குமாறு கூறியுள்ளோம். மிடோவிடம் பேசிவிட்டுப் பார்க்குமாறும்.